அச்சம் அணிகலனா?

பெண்பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை கற்பிக்கலாமா, கூடாதா என்ற வினா நமது கரையோர ஊர்களிலே மெல்ல எழுந்து, மெல்லவே அமுக்கப்பட்டு வருகிறது. கராத்தே வகுப்பிற்கு மகனைத் தாமே மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லும் வாப்பா, அதே வகுப்பிற்கு மகளையும் அனுப்பலாமே என்று யாராவது பேச்செடுத்தால் முகம் சுளிக்கிறார். "பொம்புளப் புள்ளைக்கு அடிபிடி என்னத்துக்கு?" என்று கேட்கிறார். கேள்வி சிறியதுதான். ஆயினும் ஒரு சமுதாயத்தின் மனப்பான்மை முழுவதும் அதற்குள் அடங்கிக் கிடப்பதால், அதற்கு விரிவாகவே விடை கூற வேண்டியிருக்கிறது.

முதலில் நிலைமையைக் காண்போம். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இன்றைய பெண் வீட்டினுள் அடைபட்டிருப்பவள் அல்லள். அதிகாலையில் தனியார் வகுப்பிற்குப் போகிறாள். மஃரிப் தொழுகைக்குப் பின்னும் புத்தகப் பையுடன் ஒழுங்கை வழியே திரும்புகிறாள். பஸ் ஏறி ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற்குச் செல்கிறாள். கைத்தறியில் உழைக்கிறாள், வயலில் உழைக்கிறாள், ஆடைத் தொழிற்சாலையிலும் ஆசுபத்திரியிலும் அலுவலகத்திலும் உழைக்கிறாள். குடும்பத்தின் வயிறு அவளது உழைப்பை எதிர்பார்க்கிறது. "வெளியே போகாதே" என்று அவளைத் தடுக்க எவருக்கும் வசதியில்லை. அவள் சம்பளத்தை மாத முடிவில் எண்ணி வாங்குகிறவர்கள், அவள் எப்படிப்பட்ட பஸ்ஸில், எப்படிப்பட்ட நெரிசலில் போய் வருகிறாள் என்று கேட்பதில்லை.

அவர்கள் கேளாததை வேறு சிலர் கேட்டார்கள். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் நடத்திய ஆய்வொன்றிலே, பொதுப் போக்குவரத்தில் செல்லும் பெண்களிலும் சிறுமியரிலும் நூற்றுக்கு 90 பேர் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருப்பது தெரியவந்தது. பொலிசாரிடம் சென்று முறையிட்டவர்கள் நூற்றுக்கு 4 பேர் மட்டுமே. இவ்விரு எண்களுக்கும் இடையே கிடக்கும் மௌனம் யாருடையது? நம் வீட்டுப் பிள்ளைகளுடையதுதான். பஸ்ஸில் பின்னால் நிற்பவன் கை வைத்தால் விலகி நிற்பதும், வீட்டுக்கு வந்து உம்மாவிடம்கூடச் சொல்லாதிருப்பதும், மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறுவதும் அவர்களுக்குப் பழகிப்போயின. இதைப் பொறுமை என்று புகழ்வோர் உளர். இது பொறுமையன்று, வேறு வழி கற்பிக்கப்படாமை.

நம் பகுதிக்கே உரிய ஒரு முரண்பாட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடையிலும் தமிழர்களிடையிலும் வீடு பெண்ணுக்கே சீதனமாகக் கட்டப்படுகிறது. மணமகன் பெண் வீட்டிற்கு வந்து குடியிருக்கிறான். குடிவழியும் தாய்வழியாகவே எண்ணப்பட்டு வந்திருக்கிறது. உறுதியிலே வீடு அவள் பெயரில் இருக்கிறது. அந்த வீட்டின் வாசற்படிக்கு அப்பால் உள்ள ஒழுங்கையோ அவளுடையதாக இல்லை! வளவின் சொந்தக்காரி தன் வளவிற்குச் செல்லும் வழியில் தலை குனிந்து, சுவரோரமாக, விரைந்து நடக்கிறாள். இந்தச் சொத்துரிமையால் அவள் பெற்ற பயன் என்ன?

இனி எதிர்ப்பாளர்களிடம் வருவோம். அவர்களுள் முதல் அணியினர் பண்பாட்டின் காவலர்கள். அச்சமும் நாணமும் பெண்ணுக்கு அணிகலன் என்பது இவர்கள் வாதம். தமிழ் கற்ற சிலர் இதற்குத் தொல்காப்பியத்தையும் துணைக்கு அழைப்பதுண்டு. அச்சம், நாண், மடன் ஆகிய மூன்றையும் பெண்பாலுக்கும், பெருமை, உரன் ஆகிய இரண்டையும் ஆண்பாலுக்கும் உரியனவாகத் தொல்காப்பியர் கூறியது உண்மையே. ஆனால் எங்கே கூறினார்? பொருளதிகாரத்துக் களவியலிலே கூறினார். தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் விரும்பி எதிர்ப்படும் வேளையில், தலைவியின் வேட்கை வெளிப்படாமல் அடங்கி நிற்கும் தன்மையை அங்கே இலக்கணமாக வகுத்தார். அன்புடையவன் முன் நிற்கும் பெண்ணின் மெய்ப்பாட்டை, அன்பற்ற அயலான் கையைப் பற்றும்போது அவள் நடக்க வேண்டிய நெறியாக மாற்றியவர்கள் பின்வந்தவர்கள். காதலுக்குரிய இலக்கணத்தைக் கயமைக்கு எதிரே நிறுத்துவது நூலறிவும் ஆகாது, நீதியும் ஆகாது.

மார்க்கத்தின் பெயரால் மறுப்போருக்கும் மார்க்க வரலாற்றிலிருந்தே விடை உண்டு. கி.பி. 625இல் நிகழ்ந்த உஹதுப் போரிலே தண்ணீர்த் துருத்தியுடன் களம் சென்ற நுஸைபா பின்த் கஅப் என்ற அன்சாரிப் பெண்மணி, படை சிதறிய வேளையில் வாளேந்தி நபிகளாரின் அருகே நின்று போரிட்டுக் காயமுற்றதை அறியாத மௌலவி ஒருவரும் இருக்க முடியாது. உம்மு உமாறா என்று அவரைப் போற்றி நம் பள்ளிவாசல்களில் பயான் செய்கிறோம். மக்காவின் புகழ் பெற்ற மல்லனான ருக்கானாவுடன் நபிகளார் மற்போர் செய்து வென்றதையும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உடல் வலிமையை இழிவென்று இஸ்லாம் எங்கும் ஒதுக்கவில்லை. பெண்ணுக்கு மட்டும் அதை ஒதுக்கி வைத்தது நமது ஊர்வழக்கமே. வழக்கத்தை மார்க்கம் என்று கூறுவது மார்க்கத்திற்கும் செய்யும் அநீதி.

அச்சம் உண்மையிலேயே அணிகலனாக இருந்தால் அணிந்தவளை அது காத்திருக்க வேண்டும். காத்ததா? 2004 டிசம்பர் 26ஆம் திகதியை நினைவு கூருவோம். இலங்கையில் ஆழிப்பேரலை மிகப் பெருந்தொகை உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். 10,000க்கு மேற்பட்டோர் இங்கே மாண்டனர். இம்மாவட்டத்து முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடையே பின்னர் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வு, ஆண்களின் இறப்பு வீதத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகப் பெண்களின் இறப்பு வீதம் இருந்ததைக் காட்டியது. அதற்குக் காரணங்கள் பல. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியமை ஒன்று. வீட்டினுள்ளே இருந்தமை ஒன்று. ஆண்பிள்ளைக்கு நீந்தவும் மரமேறவும் ஓடவும் பழக்கிய சமுதாயம் பெண்பிள்ளைக்கு அவற்றைப் பழக்காமல் விட்டது மற்றொன்று என்று, துயர் துடைக்க வந்த நிறுவனங்கள் எழுதிவைத்தன. கடலோரத்தில் பிறந்து கடலோரத்தில் வளர்ந்து கடலில் ஒரு பாகம் நீந்தத் தெரியாமல் மாண்ட நம் சகோதரிகளின் கணக்கை, அச்சத்தை அணிகலன் என்போர் எந்த ஏட்டில் எழுதப்போகிறார்கள்? தன் உடம்பைத் தனக்காகப் பயன்படுத்தத் தெரியாமை ஆபத்து வேளையில் கொன்றுவிடும். அலைக்கு இது பொருந்துமானால் ஆளுக்கும் பொருந்தும்.

தற்காப்புக் கலை என்றவுடன் ஓடு உடைப்பதையும் பறந்து உதைப்பதையும் சினிமாவிற் கண்டவர்கள், பெண்ணை ஆணாக்கும் முயற்சி இது என்று அஞ்சுகிறார்கள். எனவே நாம் கேட்பது எது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜப்பானில் தோன்றிய ஜியு ஜிட்சு என்ற கலையின் பெயருக்கே 'மென்மையின் கலை' என்று பொருள். படைக்கலம் இழந்த வீரன் தன்னிலும் வலியவனிடமிருந்து தப்பும் வழிகளாக வளர்ந்தது அது. அதனைச் செப்பனிட்டு 1882இல் கானோ ஜிகோரோ என்ற ஆசிரியர் ஜூடோவை வகுத்தார். அவர் வழிவந்த மித்சுயோ மயேடா 1914இல் பிரேசில் சென்று, அங்கே அது வேறொரு கிளையாய் வளர வழி செய்தார். எல்லாக் கிளைகளுக்கும் அடிப்படை ஒன்றே: பலத்திற்குப் பலம் காட்டாதே, நெம்புகோலைப் போல உன் உடம்பைப் பயன்படுத்து.

இதன் தொடக்கப் பாடங்கள் மிக எளியவை. ஒருவன் மணிக்கட்டைப் பற்றினால் பின்னோக்கி இழுப்பது இயல்பு. இழுக்க இழுக்கப் பிடி இறுகும். பற்றிய கையின் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையேதான் பிடி பலவீனமானது. அந்த இடைவெளியை நோக்கி மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை மடித்து, அவன் பக்கமாக ஓரடி நெருங்கி இழுத்தால் பதினான்கு வயதுச் சிறுமியின் கையும் விடுபடும். தள்ளி வீழ்த்தப்பட்டால் தலை தரையில் மோதாதபடி நாடியை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, கைகளை விரித்துத் தரையில் அறைந்து விழுவது இரண்டாவது பாடம். மல்லாந்து கிடக்கையில் மேலே ஒருவன் அமர்ந்துவிட்டால், அவன் கையொன்றையும் அதே பக்கத்துக் காலையும் ஊன்ற முடியாமல் பூட்டி, இடுப்பை உயர்த்தி அந்தப் பக்கமாகப் புரட்டுவது மூன்றாவது. முழங்கால்களை இடையே கொண்டுவந்து அவனை எட்ட வைத்திருப்பது நான்காவது. உரத்துக் கத்துவதும், விடுபட்ட கணமே ஓடுவதும் இறுதிப் பாடம். வெல்வது இதன் நோக்கமன்று. வீடு சேர்வதே நோக்கம்.

இதைப் பெண்கள் கற்பது புதுமையும் அன்று. வாக்குரிமை கேட்டுப் போராடிய இங்கிலாந்துப் பெண்களுக்கு, ஐந்தடி உயரமும் இல்லாத எடித் கரட் என்ற பெண்மணி ஜியு ஜிட்சு பயிற்றினார். 1913இல் எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையாரைப் பொலிசாரின் கைதிலிருந்து காப்பதற்கென அமைந்த பெண்கள் படையினர் அவரிடம் பயின்றவர்கள். நீண்ட பாவாடையணிந்தே அவர்கள் பயின்றார்கள் என்பதை அபாயாவைக் காரணம் காட்டுவோர் கவனிக்க. மேல்நாட்டு உதாரணம் வேண்டாமெனின் கீழ்நாட்டிற்கே வருவோம். கவி தாகூர் 1929இல் தகாகாகி ஷின்சோ என்ற ஜூடோ ஆசிரியரை ஜப்பானிலிருந்து சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். அங்கே மாணவரோடு மாணவியரும் பயின்றனர். கவிதையும் இசையும் கற்பித்த அதே ஆசிரமத்தில் அந்நியன் பிடியிலிருந்து விடுபடும் வித்தையும் பெண்ணுக்குக் கற்பிக்கப்பட்டது. கலையுள்ளம் இதனால் கெட்டுவிடும் என்று அந்த மகாகவிக்குத் தோன்றவில்லை.

நமக்கும் ஒரு மரபு உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே சீனடி என்றும் சிலம்படி என்றும் அண்ணாவிமார் வழிவழியாகப் பயிற்றிவந்த கலை கலியாண வீடுகளிலும் பெருநாட்களிலும் ஊர் மெச்ச ஆடப்பட்டது. அதன் வரிசைகளை ஆண்கள் முற்றத்தில் ஆடினர். பெண்கள் வேலிக்குப் பின்னின்று பார்த்தனர். இன்று அந்த முற்றங்களும் அருகிவிட்டன. மரபைக் காக்க வேண்டும் என்போர், அந்த மரபின் ஒரு பாதியையாவது பெண்பிள்ளைகளின் கையில் ஒப்படைக்க முன்வருவார்களா?

இரண்டாம் அணியினர் சட்டத்தை நம்புவோர். "பொலிசும் கோட்டும் இருக்கும்போது பிள்ளை ஏன் கை நீட்ட வேண்டும்?" என்பர். சட்டம் இருப்பதை நாம் மறுக்கவில்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொல்லையைக் குற்றமாக்கியிருக்கிறது. அதே கோவை தன்னுடம்பைத் தான் காத்துக்கொள்ளும் உரிமையையும் ஒவ்வொருவருக்கும் வழங்கியிருக்கிறது. காப்பதற்குத் தேவையானதிலும் மேலான தீங்கு செய்யலாகாது என்ற வரம்பையும் விதித்திருக்கிறது. சட்டமே கொடுத்த உரிமையைப் பயன்படுத்தும் முறையை மட்டும் பாடசாலை கற்பிக்கலாகாதா? பொலிசு வந்து சேரும்வரை கழியும் அந்தச் சில நிமிடங்களுக்கு யார் பொறுப்பு? இவ்வகைப் பயிற்சி பயன் தருமா என்ற ஐயத்திற்கும் அறிவியல் விடை கூறியிருக்கிறது. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 900 முதலாண்டு மாணவியரிடையே ஒரு பரிசோதனை நடத்தப்பட்டு, அதன் முடிவு 2015இல் வெளியாயிற்று. ஆபத்தை முன்னறிதல், உறுதியாக மறுத்தல், உடலால் எதிர்த்தல் ஆகியவற்றை மொத்தம் பன்னிரண்டு மணிநேரம் பயின்றவர்களுள் ஓராண்டினுள் வன்புணர்வுக்கு ஆளானோர் நூற்றுக்கு 5.2, துண்டுப் பிரசுரம் மட்டும் பெற்றவர்களுள் 9.8. பன்னிரண்டு மணிநேரம் என்பது நம் பாடசாலை நேரசூசியில் பதினெட்டுப் பாடவேளை. அதைவிட அதிக நேரத்தை இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடைப் பயிற்சிக்கு நாம் ஆண்டுதோறும் செலவிடுகிறோம்.

மூன்றாம் அணியினர் நம் பக்கம் நிற்பது போலத் தோன்றுவோர். மகளிர் தினத்தன்று மேடை கட்டி, மாணவியரை வரிசையில் நிறுத்தி, ஒரு மணிநேரம் கைகால் வீசச் செய்து, பிரமுகர் சான்றிதழ் வழங்கப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். மறுநாள் பிடித்த கையை விடுவிக்கத் தெரிந்த பிள்ளை ஒருத்திகூட அந்த வரிசையில் இராள். வேறு சிலருக்கோ இது பட்டி வியாபாரம். மஞ்சளுக்கு ஒரு கட்டணம், பச்சைக்கு ஒரு கட்டணம். கட்டணம் செலுத்தக்கூடிய வீட்டுப் பெண் பெரும்பாலும் வாகனத்திற் போகிறவள். நெசவாளியின் மகளும் மீனவனின் மகளும் அல்லவா இருட்டில் நடந்து போகிறவர்கள்? தேவை எங்கே மிகுதியோ அங்கே கல்வி எட்டாமல் இருப்பதே வர்க்க சமுதாயத்தின் பழைய கதை. இலவசக் கல்வி கண்ட நாட்டில் இந்தக் கல்வியும் இலவசமாகவே இருக்க வேண்டும்.

நான்காவதாக ஓர் அச்சம் உண்டு. அதை எள்ளி நகையாட நமக்கு மனம் வராது. 2019 ஏப்ரல் மாதத்தின் பின், சாய்ந்தமருதில் வெடியோசை கேட்ட அந்த இரவின் பின், முஸ்லிம் பிள்ளைகள் கூடிப் பயிற்சி செய்தாலே சந்தேகக் கண் விழுமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்திற்குக் காரணம் இருந்தது. ஆயினும் சந்தேகத்தை வளர்ப்பது மறைவு. அதைத் தீர்ப்பது திறந்த வெளி. பாடசாலை மண்டபத்தில், பாடவேளையில், ஆசிரியைகளின் முன்னிலையில், திணைக்களத்தின் அனுமதியுடன் நடக்கும் பயிற்சியில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. இன்னும் ஒரு படி மேலே செல்வோம். காரைதீவுப் பிள்ளையும் கல்முனைக்குடிப் பிள்ளையும் ஒரே பாயில் பயிலட்டும். பிரதேச செயலகத்தின் எல்லைக்காக இரு சமூகத்தவரும் வழக்காடும் இந்த ஊரில், பஸ்ஸில் நீளும் கை எந்தச் சமூகத்துப் பெண் என்று பார்த்து நீள்வதில்லை என்பதை இரு தரப்புப் பெண்களும் அறிவார்கள்.

இவ்வளவும் கூறியபின், நம் கோரிக்கையைத் திரித்துப் பயன்படுத்தக்கூடியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. "தற்காப்புக் கற்றாயா? அப்படியானால் ஏன் தடுக்கவில்லை?" என்று நாளை ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்கு இன்றே மறுப்புக் கூறுகிறோம். குற்றம் செய்தவனுடையதே குற்றம். தடுக்கத் தெரிந்தும் முடியாதவள்மீது அணுவளவு பழியும் இல்லை. வீட்டினுள் நடக்கும் கொடுமைக்கு மணிக்கட்டு வித்தை மருந்தாகவும் மாட்டாது. இந்நாட்டில் துணைவனோடு வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் அவனால் உடல்ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானதைத் தொகைமதிப்புத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. சோறு போடுகிறவனையும் பிள்ளைகளின் தகப்பனையும் எதிர்க்க வேண்டிய அந்தப் பெண்ணுக்கு வேண்டியவை வருமானமும், 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை நாடும் துணிவும், நாடினால் கைவிடாத உறவும். தற்காப்புக் கலை இவற்றுக்கு மாற்றீடு அன்று. ஆனால் தன் உடம்பு தன்னுடையது என்ற எண்ணத்தைப் பன்னிரண்டு வயதிலே உடம்பாலேயே உணர்ந்தவள், முப்பது வயதில் அதை வாயாற் சொல்லத் தயங்கமாட்டாள்.

ஆண்பிள்ளைகளை இங்கே மறந்துவிடலாகாது. பெண்ணுக்கு விடுபடக் கற்பித்துவிட்டு, ஆணுக்கு விடக் கற்பிக்காமல் இருப்பது அரைகுறை வேலை. ஜியு ஜிட்சுவின் பயிற்சிப் பாயில் ஒரு சட்டம் உண்டு. பிடிபட்டவர் கையால் இரு முறை தட்டினால், பிடித்தவர் அந்தக் கணமே விட வேண்டும். ஏன் என்று கேட்கலாகாது. இன்னும் சிறிது என்று இழுக்கலாகாது. விளையாட்டுக்குத் தட்டினாரோ என்று எண்ணலாகாது. தட்டினால் விட வேண்டும். விடாதவனோடு பயில எவரும் முன்வரமாட்டார். வலியவனுக்கு மறுப்பின் பொருளை இதனினும் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் நமது ஒழுக்கக் கல்வி நூல்கள் எதிலும் இல்லை. நம் பையன்கள் உதைக்கக் கற்கும் வகுப்புகளில் இந்தச் சட்டத்தை ஒருநாளாவது கற்றால், பெண்பிள்ளைகள் கற்க வேண்டிய பாடங்கள் குறையும்.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. தரம் 6 முதல் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கப்படுகின்றன. பரீட்சை நெருங்கியதும் கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் தாரை வார்க்கப்படும் அந்தப் பாடவேளையை மீட்டுத் தாருங்கள். தவணைக்குப் பதினெட்டுப் பாடவேளை போதும். பெண்பிள்ளைகளுக்குப் பெண்ணே பயிற்றட்டும். அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரிய மாணவியருக்கு இது கற்பிக்கப்படட்டும். வெள்ளைச் சீருடையில் அன்றி, வீதியில் அணியும் உடையிலேயே பயிலட்டும். முக்காட்டைப் பிடித்து இழுப்பவனிடமிருந்து விடுபடும் வழியை முக்காட்டுடன்தான் கற்க முடியும். பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 என்ற உதவித் தொலைபேசி எண்கள் பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல மனப்பாடமாகட்டும். பள்ளிவாசல் நிருவாகங்களும் கோயிற் சபைகளும் எதிர்த்து அறிக்கை விடுமுன் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

பெண் எழுதக் கற்றால் கடிதம் எழுதிக் கெட்டுப்போவாள் என்று சொன்ன காலமும் நமக்கு இருந்தது. சித்திலெவ்வை போன்றோர் அக்காலத்தோடு போராடிப் பெண்களுக்குப் பாடசாலை கண்டனர். இன்று தன் மகள் பல்கலைக்கழகம் புகுந்த செய்தியைத் தெருவெல்லாம் சொல்லி மகிழும் வாப்பா, அந்தப் பழைய எதிர்ப்பை நினைத்தும் பார்ப்பதில்லை. எழுதுகோல் பிடித்த கை கெட்டுப்போகவில்லை. தன்னைப் பிடித்த கையை உதறும் கையும் கெட்டுப்போகாது. அச்சம் பிறவிக் குணமன்று. நாம் கற்பித்த பாடம். கற்பித்தவர்களே அதை மறக்கச் செய்யவும் கடமைப்பட்டவர்கள். வரும் தவணையிலேயே அதைத் தொடங்குவோம்.